எஞ்சின் மேல குத்தமில்லீங்க

வாங்க, வாங்க. செருப்பைக் கழட்டாதீங்க, தரையெல்லாம் ஆயிலு. இப்படி இந்தப் பக்கமா வாங்க. என்னங்க சுத்திச் சுத்திப் பாக்கறீங்க, வீடாட்ட இருக்குது, பட்டறையக் காணமேன்னா? பட்டறையே இல்லீங்க. இந்தத் தகரக் கொட்டாயும் அந்த இரும்புக் கம்பத்துல தொங்கற செயினும்தான் பட்டறை. உங்க போர் போடற ரிக் வண்டியில கம்ப்ரசர் ஓட்டறதுக்கு எஞ்சின் தேடறீங்கன்னு டயர் கடைக்காரரு சொன்னாரு. திருச்செங்கோட்டுல இருந்து இத்தனை தூரம் வந்திருக்கறீங்க, அவசரப்படாமப் பாருங்க. வெலை அப்பறம் பேசிக்கலாம். நா வெலைக்காக விக்கலைங்க.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். இப்ப இதை ஸ்டார்ட் பண்ணுவேன். நீங்க காது குடுத்துக் கேளுங்க. கேட்டுட்டு, எஞ்சின் மேல ஒரு குத்தமும் இல்லைன்னு சத்தமா ஒரு வார்த்தை சொல்லோணும். அடுப்படி வரைக்கும் கேக்கற மாதிரி. உள்ள என்ர சம்சாரம் பாவாயி இருக்கறா. அவ காதுல அது விழோணும், அதுவும் வெளியாளு சொல்லி விழோணும். நா சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு.

அவ எங்கிட்டப் பேசறதில்லீங்க. பங்குனியில நின்ன பேச்சு, இப்ப ஐப்பசி வந்துருச்சு. சோறு ஆக்கறா, துணி தொவைக்கறா, மாட்டுக்குத் தண்ணி காட்டறா. வட்டல்ல சோத்தைப் போட்டு வெச்சுப்போட்டு அந்தப் பக்கம் போயிர்றா. சண்டை போட்டாக்கூடப் பரவாயில்லீங்க. நா கோவக்காரன், எனக்குச் சண்டை போடத் தெரியும். இப்படி வாயத் தொறக்காமப் பொட்டாட்ட இருக்கறவகிட்ட என்னங்க பண்றது? நாலு செவுத்துகிட்டப் பேசற மாதிரி இருக்குது.

எல்லாம் அவ தம்பி செங்கோடனை முன்னிட்டுதாங்க. அம்மா செத்தப்ப அவன் தவழ்ற புள்ளை. பாவாயிதான் இடுப்புல தூக்கி வளத்தா. எனக்கு அவளைக் கட்டிக் குடுத்தப்ப அவனும் கூடவே வந்துட்டான். சீதனமா ஒரு மச்சினன்னு நா கேலி பண்ணுவேன். நல்ல பையன், இல்லீங்கல. என்ர லாரிய அவன்தான் ஓட்டினான். ஒரு நாள் வண்டியில கீறல் வுழுந்து வந்ததில்ல. ஆனா பயந்தாங்கொள்ளி. பிரேக்கு மேல வெச்ச காலை எடுக்க மாட்டான். லாரி ஓட்டறவனுக்கு அத்தனை பயம் ஆகாதுங்க.

எஞ்சின் கதைக்கு வாரேன். அப்ப வண்டி கர்நாடகாவுல இருந்து கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏத்திட்டு நாமக்கல்லுக்கு ஓடிட்டிருந்துச்சு. எஞ்சின் தேஞ்சு போச்சு. கறுப்புப் பொகை, ஆயிலக் குடிக்குது, ஏத்தத்துல மொதல் கியரைப் போட்டு மொனகிட்டுப் போகுது. பொறகால வர்றவனெல்லாம் ஆரன் அடிச்சுட்டுத் தாண்டிப் போறான். ஒருக்கா நா கூடப் போயிருந்தேன். ஒரு பால் வண்டிக்காரன் தாண்டிப் போறப்ப சன்னல் வழியா எட்டிப் பாத்துச் சிரிச்சான் பாருங்க. பால் வண்டிக்காரன்! அன்னைக்கு முடிவு பண்ணினேன்.

பட்டறையில வுட்டிருக்கலாமேன்னு எல்லாரும் கேட்டாங்க. முந்தி ஒரு பட்டறையில வுட்டேனே, புது ரிங்குன்னு சொல்லிப்போட்டு பழைய ரிங்கைக் கழுவி மாட்டிக் குடுத்தான். அதுல இருந்து நா எவனையும் நம்பறதில்ல. என்ர எஞ்சினுக்கு நானே பட்டறைன்னு இங்கயே எறக்கிட்டேன். நானும் செங்கோடனும் செயின் பிளாக்கு போட்டு இழுத்தோம். எஞ்சின் வெளிய வந்து தொங்கினப்ப அவன் கை தட்டினானுங்க, தேர் நெலைக்கு வந்து சேந்தாப்பல.

போன வருசக் கோடை பூரா இந்த வீடே எஞ்சினுங்க. கட்டலுக்கு அடியில ஹெட்டு, அலமாரியில வால்வு, சாமி படத்துக்கிட்ட நாசிலு. பாவாயி கல்யாணத்துல வந்த பித்தளை அண்டாவுல டீசலை ஊத்தி பிஸ்டனை ஊற வெச்சேன். தொண்டை கிழியக் கத்தினா. ரசத்துல டீசல் வாடை அடிக்குதுன்னா. அப்பத் திட்டினா நல்லாத்தான் இருந்துச்சு. செங்கோடன் ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து, "அக்கா, ரசம் நல்லா இழுக்குதுக்கா, இன்னும் ரெண்டு கியர் போடலாம்"பான். அவளும் சிரிச்சுப்போடுவா.

லைனரு புதுசு, பிஸ்டன் புதுசு, ரிங்கு புதுசு. ஒவ்வொரு ரிங்கையும் லைனருக்குள்ள வெச்சு வாய் இடைவெளி பாத்துத்தான் மாட்டினேன். கிராங்கை மட்டும் அரைக்கறதுக்கு வெளிய கொண்டு போனேன், அங்கயும் அரைக்கறவன் பக்கத்துலயே நின்னேன். ஹெட் போல்ட்டை நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்கு ஓரத்துக்குன்னு மொற வெச்சு முறுக்கினேன். பட்டறைக்காரன் எவன் இத்தனை பொறுமையாச் செய்வான் சொல்லுங்க? ஒரு போல்ட்டைக்கூட ஏனோதானோன்னு நா முறுக்கலைங்க. தொட்டுப் பாருங்க. ஒரு சொட்டு கசிவு இருக்குதா?

அதோட நிறுத்தியிருந்தா மத்தவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? சேலத்துல பழைய இரும்புக் கடையில நல்ல டர்போ ஒண்ணு கெடச்சுது. வாங்கியாந்தேன். டீசல் பம்பையும் கூட்டி வெச்சேன். இந்த எஞ்சினு பொறந்தப்ப இருந்த சக்திய விட இப்ப ஒண்ணரைப் பங்குக்குக் கொறையாதுங்க.

அதுல ஒரு சின்ன மாத்தம் மட்டும் பண்ணினேன். சைலென்சர் கொழாய்க்குள்ள ஒரு தட்டு இருக்குமில்லீங்க, எறக்கத்துல பட்டனை அமுக்கினா மூடிக்கும், எஞ்சின் மூச்சை அடைச்சு வண்டியப் புடிச்சு இழுக்கும். எக்ஸாஸ்ட் பிரேக்கு. உங்களுக்குத் தெரியாததா. டர்போ வெச்சதும் கொழா பெருசாயிப் போச்சு, பழைய தட்டு அதுல சேரலை. சேக்கோணும்னா லேத்துல ஒரு வளையம் கடைஞ்சு கொண்டாரோணும். அரை நாள் வேலை. நா ரோசனை பண்ணினேன். எஞ்சின் நல்லா மூச்சு வுடட்டும்னு இத்தனை பாடுபட்டு டர்போ வெச்சுப்போட்டு, அது மூக்குலயே தட்டை வெச்சு அடைக்கறதா? கழட்டி அந்தா அந்த ஆணியில தொங்க வுட்டேன். அது பெரிய வேலை ஒண்ணுமில்ல, உங்களுக்கு எல்லாத்தையும் சொல்லோணும்னு சொல்றேன்.

மொதல் ஸ்டார்ட்டுக்கு பாவாயிதாங்க சூடம் காட்டினா. இன்னைக்கு எஞ்சின் ஓடினா கொல்லைக்குப் போயிர்றாளே, அவளேதான். திருஷ்டிப் பூசணியில குங்குமத்தைக் கொழைச்சு, சுத்திப் போட்டு ஒடைச்சா. ஒரே செல்ஃபு! புடிச்சிருச்சுங்க. செங்கோடன் என்னையக் கட்டிப் புடிச்சு ஒரு சுத்து சுத்திப்போட்டான். சட்டை பூராக் கரி. "மச்சான், இனி அந்தப் பால் வண்டிக்காரனைத் தேடிப் புடிக்கறேன் பாருங்க"ன்னான். சந்தோசமா இருந்தோமுங்க. அதை எவன் இல்லைன்னு சொன்னாலும் நா ஒத்துக்க மாட்டேன்.

வண்டி பறந்துச்சு. மூணாங் கியர்ல ஏத்தம் ஏறுது. எஞ்சினுதான் இழுக்குதே, சும்மா எதுக்கு வுடறதுன்னு மூட்டையும் எச்சா ஏத்தச் சொன்னேன். எல்லாரும் ஏத்தறதுதான், நா ஒருத்தன் புதுசா ஏத்தலை. டீக்கடையில லாரிக்காரனுங்க என்னையச் சுத்தி நிப்பானுங்க. "பொங்கியண்ணா, எங்குளுதையும் ஒருக்காப் பாத்துக் குடுங்க"ம்பானுங்க. அப்பல்லாம் அண்ணன். இப்ப பாத்தா டீயக் குடிச்சுப்போட்டு அவனவன் பாட்டுக்குப் போறானுங்க.

ரெண்டு மூணு நடை போயிட்டு வந்து ஒரு நாள் செங்கோடன் சோத்துல கைய வெச்சுட்டுச் சொன்னான். "மச்சான், ஏத்தத்துல வண்டி ராசா மாதிரி போகுது. எறக்கத்துலதான் நிக்க மாட்டேங்குது. தொப்பூர் கணவாய்ல எறங்கறப்ப பிரேக்கு மேலயே நிக்க வேண்டியிருக்குது. கீழ வர்றப்ப சக்கரத்துப் பிரேக் டிரம்முல பொகை வருது. அந்தத் தட்டை மாட்டிக் குடுத்துருங்க மச்சான்."

நா சிரிச்சுப்போட்டேன். "ஏன்டா மாப்ள, மாட்டு வண்டியில ஏத்தி வுட்டாக்கூட நீ பிரேக்கைத் தேடுவ"ன்னேன்.

அவன் சோத்தைப் பெசைய ஆரம்பிச்சான். பாவாயிதான் கொழம்புச் சட்டிய வெச்சுட்டுத் திரும்பினா. "அவன் கேக்கறதை மாட்டிக் குடுங்களேன். ஓட்டறவனுக்குத்தான தெரியும்"ன்னா.

"நீ கொழம்புல உப்பைப் பாரு, எஞ்சினை நா பாத்துக்கறேன்"னு சொன்னேன். சொல்ற மொறைதானுங்க? வீட்டுக்கு வீடு சொல்றதுதான? அதுவும் நா மாட்ட மாட்டேன்னு சொல்லவே இல்ல. அடுத்த சர்வீஸ்ல பாக்கலாம்னுதான் சொன்னேன். நல்லா ஞாபகம் இருக்குது, பாக்கலாம்னேன். அதுக்கப்பறம் அவன் ஒருக்காக்கூடக் கேக்கலை. அத்தனை பயம் இருந்திருந்தா மறுபடியும் கேட்டிருக்கோணுமில்ல?

பங்குனி மாசம், வெயில் ஏற ஆரம்பிச்ச நேரம், போன் வந்துச்சு. உங்க வண்டி தொப்பூர் எறக்கத்துல அடிபட்டுப் போச்சுன்னாங்க. நா மொதல்ல என்ன கேட்டேன்னு இன்னைக்கும் ஊருக்குள்ள பேசிட்டிருக்கறாங்க. எஞ்சினுக்கு என்னாச்சுன்னு கேட்டேன். ஆமாங்க, கேட்டேன். லாரிக்காரன் வேற என்னத்தக் கேப்பான்? ஆளு நல்லாத்தான் இருப்பான்னு நெனைச்சுட்டுதான வண்டியக் கேக்கறது? பக்கத்துல அரிசி பொடைச்சுட்டிருந்த பாவாயி காதுல அது வுழுந்துருச்சு. மொறத்தைக் கீழ வெச்சா. அப்ப அடைச்ச வாய்தாங்க அது.

நா போயிப் பாக்கறப்ப கேபின்னு ஒண்ணு இல்ல. எறக்கத்துல வண்டி புடி வுட்டுப் போச்சு. முன்னால ஒரு வேன், கோயிலுக்குப் போற சனம், குஞ்சும் குழந்தையுமா. அது மேல ஏறாம இருக்கோணும்னு மலைப் பக்கம் பாறையில கொண்டு போயி வுட்டிருக்கறான். வண்டி நின்னுருச்சு, மூட்டை நிக்கலை. மக்காச்சோளம் அத்தனையும் பொறகால இருந்து வந்து கேபினை அமுக்கிருச்சு. கடப்பாரையப் போட்டு நெம்பிட்டிருந்தாங்க. ரோடெல்லாம் சோளம். அதுல கால் வழுக்கி வழுக்கித்தான் கிட்டப் போனேன். அவன் கை மட்டும் வெளிய தெரிஞ்சுது. நா கட்டி வுட்ட வாச்சு.

அங்க நின்னவங்க ஒண்ணு சொன்னாங்க. நாங்க ஓடி வர்றப்பவும் எஞ்சின் ஓடிட்டே இருந்துச்சு, எப்படி நிறுத்தறதுன்னு தெரியாம டீசல் டியூப்பைப் புடுங்கி நிறுத்தினோம்னாங்க. கேபினே போச்சு, எஞ்சின் ஓடுது! சொல்லுங்க, எத்தனை பேரு கட்டின எஞ்சின் அப்படி ஓடும்? நா குனிஞ்சு ஆயில் குச்சிய உருவிப் பாத்தேன். ஏன் பாத்தேன்னு கேட்டாத் தெரியாதுங்க. கை தானாப் போச்சு. ஆயிலு சரியா இருந்துச்சு. அப்பறம்தான் அழுதேன். அழுதேனுங்க, நானும் மனுசன்தான்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பாத்தாரு. டிரம்மு நீலம் பாரிச்சுப் போயிருக்குது, லைனிங் கருகிப் போச்சுன்னாரு. எஞ்சின் எப்படிங்கன்னு கேட்டேன். எஞ்சின்ல கோளாறு இல்லைன்னாரு. அந்த வார்த்தையத்தான் நா எழவு வூட்டுல சொன்னேன். அவங்க சித்தப்பன் மாரெல்லாம் மொகத்தைத் திருப்பிட்டாங்க. அன்னைக்குச் சொல்லாம வேற என்னைக்குச் சொல்றது? ஆளாளுக்கு "மச்சான் வீட்டுல வெச்சுப் பண்ணின எஞ்சினாமே, மச்சான் பண்ணினதாமே"ன்னு காதைக் கடிச்சுட்டிருக்கறப்ப நா சும்மா நிக்கறதா? பிரேக்கு போனதுக்கு எஞ்சின் என்னங்க பண்ணும்? அவன் காலை எடுத்திருந்தா டிரம்மு காஞ்சிருக்குமா?

வண்டிய ஒடைக்கக் குடுத்துட்டேன். எஞ்சினை மட்டும் குடுக்க மனசு வரலை. வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை ஸ்டார்ட் பண்ணி ஓட வுடுவேன். அவ முந்தானைய எடுத்துச் சொருகிட்டுக் கொல்லைக்குப் போயிருவா. நா நிறுத்தற வரைக்கும் வர மாட்டா. எஞ்சின் மேல போர்த்தியிருந்த இந்தச் சீலைகூட அவளுதுதான். நாந்தான் கொடியில இருந்து எடுத்துப் போர்த்தினேன். திருப்பிக் குடுன்னும் கேக்கலை. இப்ப ரோசனை பண்ணிப் பாத்தேன். எஞ்சின் கண்ணு முன்னால இருக்கறதுனாலதான் அவளுக்கு மறக்க மாட்டேங்குது. அது போச்சுன்னா, போறப்ப வெளியாளு ஒருத்தர் குத்தமில்லைன்னு சொல்லிட்டாருன்னா, அவ பேசிருவா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க. "சோறு திங்க வாங்க"ன்னு ஒருக்காக் கூப்பிட்டாப் போதும்.

சரி, தள்ளி நில்லுங்க. பேட்டரி வயரை மாட்டிக்கறேன். பாத்துக்கங்க... ஒரே செல்ஃபு.

கேளுங்க! எப்படி! ஒரு தட்டல் இருக்குதா, ஒரு விக்கல் இருக்குதா? பொகையப் பாருங்க, இருக்கறதே தெரியாது. ஆக்சிலேட்டரை இழுக்கறேன், டர்போ ஊளையிடறது கேக்குதா? ஆங், சொல்லுங்க. இன்னும் சத்தமா. அடுப்படிப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க. ஆமாங்க, அதேதான், நல்லாச் சொன்னீங்க! குத்தமில்லாத எஞ்சின்! பாவாயி, கேட்டுதா?

என்னங்க கேக்கறீங்க? தட்டா? எந்தத் தட்டு... ஓ, எக்ஸாஸ்ட் பிரேக்குத் தட்டா. நின்ன எடத்துல ஓடற எஞ்சினுக்கு அது எதுக்குங்க? ரிக் லாரிக்கு ஆகுமா? ஆகும்தான். ஆனா ஆணியில அது இல்லீங்க. உள்ள இருக்குது. செங்கோடன் போட்டோவுக்குக் கீழ கொண்டு போயி வெச்சிருக்கறா. மண்ணெண்ணையில கழுவி, கரியெல்லாம் சொரண்டி, போட்டோவுக்கு வெக்கற பொட்டை அதுக்கும் வெக்கறா. தெனமும் அது கிட்டத்தான் வெளக்கு. பொம்பளை, எஞ்சின் சாமான்னா எல்லாம் ஒண்ணுன்னு நெனைச்சிருப்பா. அத்தனை சாமான் கெடக்கறப்ப அதை எதுக்கு எடுத்தான்னு நா கேக்கலைங்க. எனக்கு அதைப் பத்திப் பேச ஒண்ணுமில்ல.

அந்தா, வர்றா. பாருங்க, எஞ்சின் ஓடறப்பவே வெளிய வர்றா! நா சொன்னேன்ல? இங்கதான் வர்றா. வா பாவாயி, இவுங்க திருச்செங்கோட்டுல இருந்து...

கேட்டீங்களா? ஏனுங்க, நீங்க கேட்டீங்கல்ல? என்ன சொன்னா? "ஏனுங்ணா, எஞ்சின் மேல குத்தமில்லீங்க. நீங்க தாராளமாக் கொண்டு போங்க. இந்தத் தட்டை மட்டும் கேக்காதீங்க"ன்னா! எஞ்சின் மேல குத்தமில்லைன்னுட்டாளுங்க! அவ வாயாலயே! உங்ககிட்டத்தான் சொன்னா, எம் பக்கம் திரும்பலை, அதனால என்ன, எனக்கும்தான கேட்டுது. இத்தனை மாசம் நா இதைத்தாங்க சொல்லிட்டிருந்தேன். இதைத்தான சொன்னேன்!

ஏ பாவாயி, இந்த வெயில்ல எங்க கெளம்பிட்ட? கையில என்ன துணிப் பையி? ஏனுங்க, அவன் போட்டோவையும் எடுத்துட்டுப் போறாளே. அந்தத் தட்டைப் பாருங்க, சீலையில சுத்தி மாரோட அணைச்சுட்டுப் போறா, பச்சப் புள்ளையாட்ட. அதுல என்ன இருக்குது? பாவாயி! எஞ்சின் சத்தத்துல அவளுக்கு நா கூப்படறது கேக்கலைங்க. இருங்க, நிறுத்திடறேன்.

நிறுத்திட்டேன். பாவாயி! ஏ பாவாயி!

இப்பக் கேக்குமே. இத்தனை அமைதியா இருக்குது. ரோட்டுக்குப் போயிட்டா, திரும்ப மாட்டேங்கறா. ஏனுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், நீங்க ஒருக்கா மறுபடியும் சொல்லுங்க. ரோடு வரைக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. எஞ்சின் மேல குத்தமில்லைன்னு.